இரண்டு வெண்மைகள்

துவாஸ் தெற்கு. அதிகாலை மூன்றேகால்.
இரண்டாம் வரிசையில் வரும் போத்தல்களில்
சிப்பியின் உட்புறம் போல் ஒரு மினுக்கு.
முந்நூறு பெட்டி ஏற்கனவே அடுக்கியாயிற்று.

சியா ஒன்றை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார்.
"வெந்துபோச்சு," என்றார்.
"ஷஹிதுல் அடுப்பைப் பார்க்கலை.
அப்படியே எழுதிடு லா,
ஏழு மணிக்குக் கொள்கலன் கிளம்பணும்."

ஷஹிதுல் வாய் திறக்கவில்லை.
கையுறையைக் கழற்றினான்,
மறுபடி மாட்டினான்.

வெண்மையில் இரண்டு உண்டு, சியா.
(அப்போது சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.)

சோதனைக் குழாய் போலத்தான்
பிறக்கிறது ஒவ்வொரு போத்தலும்:
விரல் நீளம், தடித்த சுவர், கண்ணாடித் தெளிவு.
உருகியதைச் சட்டெனக் குளிர வைத்ததால்
உள்ளே சங்கிலிகள் பிழிந்து விட்ட இடியப்பம்,
வரிசை பிடிக்க நேரம் கிடைக்காதவை.

அதை மறுபடி சூடாக்குகிறோம்.
நூறு பாகைக்குச் சற்று மேலே
அது இணங்கும்.
கம்பி நீளவாக்கில் தள்ள
காற்று அகலவாக்கில் ஊத
சங்கிலிகள் பக்கம் பக்கமாய்ப் படுத்து
அங்கங்கே பூட்டிக்கொள்ளும்.
அந்தப் படிகங்கள் அவ்வளவு சிறியவை,
ஒளி தடுக்கி விழுவதில்லை.
காகிதமாய் மெலிந்த சுவர்
மாதக்கணக்கில் சோடாவின் கோபத்தைத் தாங்கும்.

சூட்டில் அதிக நேரம் கிடந்தால்
இழுக்க ஆளில்லாமலே படிகம் வளரும்,
உருண்டு, பருத்து, வெளிச்சத்தை மறித்து.
அது கஞ்சியின் வெண்மை.

சூடு போதாமல் இழுத்தால்
சங்கிலி இணங்காது; கம்பியும் நிற்காது.
உள்ளுக்குள் கண்ணுக்கு எட்டாத
ஆயிரம் கிழிசல்.
அது முத்தின் வெண்மை.
பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

ஆய்வறை மூலையில் ஒரு கண்ணாடித் தூண்.
உள்ளே உப்புக் கரைசல்,
அடியில் கனம், மேலே போகப் போக லேசு.
நகத்தளவு துண்டு வெட்டி விட்டேன்.
வெந்தது என்றால்
நெருக்கி அடுக்கிய கனத்தோடு கீழே போகும்.
கிழிந்தது என்றால்
வெற்றிடத்தைச் சுமந்து மேலேயே நிற்கும்.

துண்டு முடிவெடுக்க நேரமாகும்.
காகிதக் குவளை தீர்ந்திருந்தது.
ஷஹிதுல் நல்ல போத்தல் ஒன்றில்
தேயிலைப் பையைப் போட்டுக் கொதிநீர் ஊற்றினான்.
போத்தல் முனகியது. தோள் சரிந்தது.
இடுப்பு ஒடுங்கி, குள்ளமாகி,
ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.
கழுத்து மட்டும், மரை குலையாமல், அப்படியே.
கழுத்தை யாரும் இழுத்ததில்லை;
திரும்பிப் போக அதற்கு ஓர் இடமில்லை.

அவன் சிரித்தான்.
இதிலிருந்து உவமை எதுவும் எடுக்காதே என்று
எனக்கே சொல்லிக்கொண்டேன்.
தேநீர் ஏதோ மருந்துபோல் இருந்தது,
இருந்தும் ஆளுக்குப் பாதி குடித்தோம்.

நாலரைக்குப் பார்த்தேன்.
துண்டு தூணின் தலைப்பக்கம்,
இறங்க மனமில்லாமல்.

இயந்திரத்தின் பதிவைத் திறந்தேன்.
ஒன்று ஐம்பத்திரண்டுக்கு வேகம் கூட்டியிருக்கிறது.
வேகம் கூடினால் அடுப்பில் தங்கும் நேரம் குறையும்.
கடவுச்சொல் ஷஹிதுலுடையது அல்ல.

எழுதினேன்:
காரணம், சூடு போதாத இழுவை.
வேகம் மாறிய நேரம், 1:52.
பெயர் எழுத விரல் போயிற்று.
எடுத்துக்கொண்டேன். நேரமே போதும்.

சியா நின்றபடி படித்தார்.
இரண்டாவது முறையும் படித்தார்.
பேனாவைத் தரச் சொல்லவில்லை.
வரிசைக்குப் போய்
தன் கையாலேயே வேகத்தைக் குறைத்தார்.
பத்து நிமிடத்தில் ஒரு போத்தல் வந்தது,
அதன் வழியே பார்த்தால்
துறைமுகத்துப் பாரந்தூக்கிகளின்
சிவப்பு விளக்குகளை எண்ணலாம்.

முந்நூறு பெட்டியையும்
அரவை இயந்திரத்துக்குத் தள்ளிச் சென்றான் ஷஹிதுல்.
எட்டு நடை.

நான் கிளம்பும்போது
கையெழுத்துக் கட்டம் காலியாகவே கிடந்தது.
தூணில் அந்தத் துண்டு
இன்னும் மேலேயே.