பாக்கி

செங்கோட்டையில் வண்டி ஏறும்போது வெயில்.
குகையைத் தாண்டினால் மழை.
ஈட்டித்தோட்டம் பள்ளியில் சுவர் சுரண்ட
நாங்கள் மூன்று பேர்:
நான், பட்டுராசு, அவன் மச்சினன்.
ஆளுக்கொரு கத்தி,
ஆஸ்பத்திரியில் வயிறு கீறுகிற கத்தி.

ஏழு வருசம் பூட்டிக் கிடந்த பள்ளி.
இரண்டு கட்சிக்கும் ஒரே ஏசு, ஒரே சுறியானிப் பாட்டு,
சாவி மட்டும் கோர்ட்டில்.
அரக்கு முத்திரை உடைத்த அன்றைக்கு
முதலில் வெளியே வந்தவை வௌவால்கள்,
பிறகு வாடை.
அதற்கும் பிறகுதான் அச்சன் உள்ளே போனார்,
மூக்கில் துண்டோடு.

"ஒரு நாளைக்கு ஒரு சாண் போதும்"
என்றாள் எஞ்சினியர் ரெஞ்சினி.
மேலே ரோஸ், வழக்குக்கு முந்தின ரோஸ்.
அதன் கீழே பஞ்சாயத்து ஆபீஸ் பச்சை.
பச்சைக்குக் கீழே நீலம்:
எல்லை பிரித்துச் செங்கோட்டையை
இந்தப் பக்கம் தள்ளின வருசம் அடித்ததாம்.
கைக்காரர் தொம்மிக்குஞ்ஞு பேரேடு பார்த்துச் சொன்னார்.
அதிலிருந்து இடவகையில் பாதிப்பேர்
ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேரளாவுக்கு வந்தார்கள்.
நீலத்துக்குக் கீழே கரி, மெழுகுப் புகை,
சுண்ணாம்பில் படுத்தபடி
ஒரு பல்லியின் முழு எலும்பு.

பதினெட்டாம் நாள், மத்பஹாவின் பின்சுவரில்
என் கத்திக்கு எழுத்து தட்டியது.

காவியில், விரலால் எழுதினது மாதிரி.
"தமிழாக்கும்" என்றார் அச்சன்,
"பழைய சங்கீர்த்தனமா இருக்கும்."
சாயங்காலமே பெண்கள் மெழுகுவர்த்தியோடு வந்துவிட்டார்கள்.
ஒரு பிள்ளைத்தாய்ச்சி நெற்றியைச் சுவரில் ஒத்தினாள்.
தொடாதீங்க, தொடாதீங்க என்று ரெஞ்சினி கத்தினாள்.
பட்டுராசுக்குக் கையெழுத்து மட்டும் வரும்.
நான் பத்தாம் வகுப்பு. கணக்கில் போனது,
தமிழில் எழுபத்தொன்று.
"வாசி, பேச்சித்தாயே."
எல்லாரும் முக்காட்டை இழுத்துக்கொண்டார்கள்.

வாசித்தேன்.

கொல்லம் ஆயிரத்து எழுபத்தொன்பது, சித்திரை.
பண்பொழிக் கொத்தன் வேலாண்டி வகையறா
பின்சுவரும் வளைவும் கடுக்காய்ச் சாந்தில்
முடித்துக் கொடுத்தோம்.
கூலி பாக்கி பதினோரு பணம்.
கேட்டுக் கேட்டு நா வறண்டது.
ரயில் பாலத்து வேலைக்குப் போகிறோம்.
வாங்காமல் விடோம்.

ஒரு மெழுகுவர்த்தி அணைந்தது.
யாரோ ஊதியதுதான்.

"வட்டி போட்டால் பள்ளியையே எழுதிக் கொடுக்கணுமே"
என்று சிரித்தார் தொம்மிக்குஞ்ஞு.
அன்றைக்குக் கைக்காரர் அந்தக் கட்சியின் தாத்தா என்றார் ஒருவர்.
இல்லை, உங்கள் தாத்தா என்றார் இன்னொருவர்.
ஏழு வருச வழக்கு
கடைசி வரிசையிலிருந்து மறுபடி கிளம்பியது.
அச்சன் மட்டும் என்னைக் கேட்டார்,
பண்பொழியில் அந்த ஆட்கள் யாராவது உண்டோ?
பண்பொழி பெரிய ஊர் அச்சா, என்றேன்.

சுரண்டவும் வேண்டாம் பூசவும் வேண்டாம் என்று
கமிட்டி முடிவெடுத்தது.
கடனுக்குக் கண்ணாடி போட்டார்கள்.
நாலு பித்தளைத் திருகாணி.
கண்ணாடிக்கு மட்டும் ஒன்பதாயிரம்;
பில்லை நான் பார்த்தேன்.

கூதாசைக்கு மெத்ரான் வந்தார்.
பிரியாணி எங்களுக்கும் உண்டு.
கை கழுவும்போது போனில் கூலி விழுந்தது.
பட்டுராசுக்கு நாளுக்குத் தொள்ளாயிரம்.
எனக்கு ஐந்நூற்றைம்பது.

அந்தச் சுவரில் இன்னும் ஒரு வரி உண்டு.
காவி தீர்ந்துபோய்க் கரியில் எழுதினது,
கண்ணாடியின் கீழ்விளிம்பை ஒட்டி.
அன்றைக்கு அதை நான் வாசிக்கவில்லை.
பொடியில் இருமல் வந்தது;
வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாந்து சுமந்த செண்பகத்துக்கு அரைக்கூலி.
அதுவும் பாக்கி.

திரும்பும் வண்டியில் பட்டுராசு கேட்டான்,
"அடியில கறுப்பா என்னமோ இருந்துச்சே,
அது என்னக்கா?"
குகை வந்துவிட்டது.
பதில் சொன்னாலும் கேட்காது.