ஞாயிறு கணக்கு

கடற்காகம் ஒன்று
பக்கத்து ஆலையின் கழிவுத் தொட்டியிலிருந்து
சிப்பியைக் கவ்விக்கொண்டு உயரப் போய்
கீழே போட்டிருக்கிறது.
பாறை என்று நினைத்திருக்கும்.
ஆறாம் வரிசை, பதினேழாம் பலகை:
கண்ணாடி நெடுக விரிசல்,
நடுவில் நீல ஓடு,
சதையைக் காணோம்.

அதை மாற்றத்தான் உர்க் ஊருக்கு வந்தேன்,
ஒரு சனிக்கிழமை பிற்பகல்.
ஒரு காலத்தில் தீவு.
இப்போது ஒரு பக்கம் ஏரி,
மற்ற பக்கமெல்லாம் உருளைக்கிழங்கு.
இரண்டாயிரத்து நூற்று நாற்பது பலகைகள்
மீன் கிடங்கின் கூரைமேல்
தெற்கே முகம் சாய்த்துக் கிடந்தன.

மேலே வெயில். தார்த்தாளில் பூட்ஸ் ஒட்டுகிறது.
என் காலுக்குக் கீழே
ஒரு முழ நுரைக்கும் தகரத்துக்கும் அப்பால்
மைனஸ் இருபத்துநான்கு.
பல்கேரியாவிலிருந்து வந்த பெண்கள்
ஜூன் மாதத்தில் கம்பளித் தொப்பி போட்டு
தட்டை மீன்களை அடுக்குகிறார்கள்.
வெயில் கம்பி வழியே இறங்கி
உறைபனியாகிறது.
பதினோரு வருடமாக இதற்கு வயர் இழுக்கிறேன்,
இன்னும் பழகவில்லை.

ரீக்கெல்ட் ஏணியில் ஏறி வந்தார். முதலாளி.
மூச்சு வாங்கிக்கொண்டு, பலகைகளைப் பார்க்காமல்
ஏரியைப் பார்த்துக் கேட்டார்:
"இதுக்கு ஒரு சுவிட்ச் வைக்க முடியுமா, சிட்ஸ்கே?"
"எதுக்கு?"
"ஞாயித்துக்கிழமைக்கு."

இங்கே ஞாயிறன்று படகு போகாது.
கடை திறக்காது. கொடியில் துணி காயாது.
காரைக் கழுவினால் தெருவே பார்க்கும்,
ஒன்றும் சொல்லாது.

"நான் கோயில்ல உக்காந்து
சங்கீதம் பாடிட்டிருக்கேன்.
இது இங்க சம்பாதிச்சிட்டிருக்கு."

ஞாயிற்றுக்கே ஞாயிறு லீவு இல்லையே என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
"உதிக்கிறது அது வேலை.
விக்கிறது நான்."

முப்பது வருடமாய் ஃப்ரீசர்
ஞாயிறும்தானே ஓடுகிறது என்று கேட்டேன்.
"அது கண்ணுல படல.
இது படுது. சாப்பாட்டு ரூம் திரையில
பச்சையா ஒரு நம்பர்,
ஏறிட்டே இருக்கு, ஏறிட்டே இருக்கு."

நான் கிளாம்பைக் கழற்றினேன்.
உடைந்ததைத் தூக்கி ஓரமாய்ச் சாய்த்தபோது
தள்ளி நில்லுங்கள் என்றேன்.
"அதான் பிரிச்சிட்டியே?"
பிரித்தாலும்தான்.
பலகையை அணைக்க முடியாது, ரீக்கெல்ட்.
இன்வெர்ட்டரை நிறுத்தலாம், கம்பியைப் பிடுங்கலாம்.
வெளிச்சம் பட்டுக்கொண்டிருக்கும்வரை
இரண்டு முனையிலும் மின்சாரம்
வாசலில் வந்து நின்றுகொண்டே இருக்கும்.

வெகு நேரம் யோசித்தார்.
ஏரியில் ஒரு பாய் திரும்பியது.
"அப்ப சுவிட்ச் போட்டாலும் அது ஓயாது?"
"ஓயாது. யாருக்கும் குடுக்காது, அவ்வளவுதான்."
"அது இன்னும் மோசம்" என்றார்.

புதுப் பலகையை
அவரே ஒரு முனை பிடித்துத் தூக்கினார்.
இணைப்பு 'டிக்' என்று விழுந்தது.

கீழே, சாப்பாட்டு அறையில்,
நாலாயிரத்து அறுநூற்று எட்டு யூனிட்.
கொக்கியில் தொங்கிய ஒரு கம்பளித் தொப்பியை எடுத்து
திரைக்கு மாட்டினார் ரீக்கெல்ட்.
சின்னத் திரை. காதுவரை மூடியது.
"அது என் தொப்பி" என்றாள் ஸ்தோயங்கா,
சூப்பிலிருந்து தலை தூக்காமல்.
"திங்கக்கிழமை தரேன்."
"காலை ஆறு மணிக்கு. அந்தக் குளிர்ல
நீங்களா நிப்பீங்க?"
"ஆறுக்கு."

திங்களன்று அந்தப் பச்சை எண்ணில்
ஒரு நாளைக் கழித்துவிட்டு எழுதுவாரா,
கழித்ததை யாருக்குக் கொடுப்பார்,
கேட்கவில்லை நான்.
பில்லில் பயணப்படி மட்டும் சேர்த்தேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு
ஸ்வோலாவில், காபி ஆறிக்கொண்டிருக்க,
பழக்கதோஷத்தில் மடிக்கணினியைத் திறந்தேன்.
அறுநூற்றுப் பன்னிரண்டு கிலோவாட்.
ஆறாம் வரிசையில் குறை இல்லை.
ஒட்டகத் திமில்போல் ஏறும் அந்தக் கோட்டில்
எங்கே தேடியும் தெரியவில்லை
ஒரு தொப்பி.