பதினேழாம் மெட்டு

அடையாள அட்டையில் என் தொழில்
'பரிமாறுபவர்' என்றிருக்கிறது.
இசைக்கலைஞர் விசாவுக்குச் செலவு கூடுதல் என்றார்
ஜுஃபைர் ஹோட்டலின் மனிதவள அதிகாரி.
நானும் மறுக்கவில்லை.
இரவு ஒன்பதரை முதல் இரண்டு வரை
நான்கு பிலிப்பைன்ஸ்காரர்களோடு நின்று
கேட்டதைப் பரிமாறுகிறேன்.
முடியை வெட்டச் சொன்னார்கள், வெட்டினேன்.
கறுப்புச் சட்டைக்குத் தடையில்லை,
மண்டையோடு இல்லாத கறுப்பு.

கந்தகத்தை விட்டு ஏன் வந்தாய் என்று
முதலில் கேட்டவன் டிரம்ஸ் வாசிக்கும் ரோடெல்.
காது போய்விட்டது என்றேன்.
டாக்ஸிக்காரரிடம் கடன் என்றேன்.
விசா எடுத்துத் தந்த சகாயராஜிடம்
பாடகனோடு கைகலப்பு என்றேன்,
அவர் அதைத்தான் நம்ப விரும்பினார்.
எல்லாமே கொஞ்சம் உண்மை.
மிச்சம் இது:
நாற்பதாயிரம் நாற்காலிகள் காலியாகக் கிடந்த மைதானத்தில்
ஒரு மதியம் சவுண்ட் செக்.
கைகள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தன.
நான்
சாப்பாட்டில் ரசம் இருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பஹ்ரைன் ஈரம் கம்பியைத் தின்கிறது.
பத்து நாளில் செம்புள்ளி, பதினைந்தில் சொரசொரப்பு.
ஒரு செட் நான்கு தினார்.
கட்டிலில் கிதார், தரையில் நான்;
ஏசிக் காற்று கட்டிலுக்குத்தான் நேராக வருகிறது.
பகலில் சில்லறை வேலைகள் உண்டு.
ஃப்ரெட்டை வீணைக்காரர்கள் மெட்டு என்பார்களாம்.
பதினோரு வருஷம் மெட்டல் வாசித்தவனுக்கு
குதைபியாவில் ஒரு நடன ஆசிரியையின் வீணைக்குக்
கம்பி மாற்றப் போனபோதுதான் தெரிந்தது.

ஜூலையில் ஒரு வியாழன்.
ஃபவ்வாஸ் என்று ஒரு பஹ்ரைன் பையன்,
கையில் மாதுளைச் சாறு,
நெஞ்சில் கந்தகம், முதுகில் ஊர்ப் பட்டியல்.
ஒன்பதாவது ஊரில் நான் இறங்கிக்கொண்டேன்.
பத்திலிருந்து வேறொருவன்.
இடைவேளையில் வந்து கேட்டான்:
இந்தக் குழு தெரியுமா?
கேள்விப்பட்டிருக்கிறேன்.
இரக்கப்பட்டு
தன் இயர்போனில் ஒன்றை என் காதில் செருகினான்.

மேடைப் பதிவு. புது ஆள்.
சுத்தமான விரல், என்னைவிட வேகம்.
பிறகு பதினேழாம் மெட்டு.
அங்கே கம்பியை வளைத்தால்
ஏறவேண்டிய உயரத்துக்கு ஏறாமல்
கால் சுரம் கீழேயே நின்று நடுங்கும்.
அதை அழுகை என்று எழுதினார்கள்.
ஃபவ்வாஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

பதிவன்று காலை முட்டை பொரித்தபோது
எண்ணெய் தெறித்து மோதிர விரலில் கொப்புளம்.
அதற்குமேல் கம்பி வளையவில்லை.
திரும்ப எடுக்க ஸ்டுடியோவுக்குக் கொடுக்கக் காசில்லை.
கொப்புளமே வராத இவன்
என் கொப்புளத்தை
எத்தனை மாதம் சாதகம் செய்தானோ.

நன்றாக வாசிக்கிறான் என்றேன், மனசார.
பழைய ஆள் இன்னும் நன்றாக வாசிப்பான்,
செத்துப்போனான் என்றான் பையன்.
எப்படி?
சிலர் போதை என்கிறார்கள்,
சிலர் மலையிலிருந்து விழுந்தான் என்கிறார்கள்.
மலை எனக்குப் பிடித்திருந்தது.

இடைவேளை முடிந்தது.
ஏழாம் மேசையில் கோட்டயத்து எஞ்சினியருக்கு ஐம்பது வயது.
கேக் வந்தது, விளக்கைக் குறைத்தார்கள்.
பிறந்தநாள் பாட்டில்
பெயர் வருவதற்குச் சற்று முன்னால்
உயரப் போகும் சுரம் ஒன்று இருக்கிறது.
காயமில்லாத விரலோடு அங்கே போய்
கால் சுரம் குறைவாக நின்றேன்.
ரோடெல் தலை நிமிர்ந்தான்.
எஞ்சினியரின் மனைவி
என் பக்கம் திரும்பிப் பாவமாகச் சிரித்தாள்.
மாதுளைச் சாறு
உதட்டுக்குப் போகும் வழியில் நின்றதை
ஓரக்கண்ணால் பார்த்தேன்.
இன்னொரு முறை பார்க்கவில்லை.
கம்பிக்கு இன்று பதினான்காம் நாள்.