பதினேழாவது கேள்வி

அட்டன் ஸ்டாண்டில்
நோர்வூட் பஸ் நிரம்பும்வரை
பழைய போட்டிப் பரீட்சைத் தாள்.
போட்டோக்கொப்பி மையில் பாதி எழுத்து இல்லை.

வீ லிவ், ஒரு கோடு, தி எஸ்டேட்.
இன், ஆன், அட்.

இன் என்று போட்டேன்.
லயத்துக் காம்பராவுக்குள்ளேதானே
ஆறு பேர் படுக்கிறோம்.

ரிஸ்னா விடைப் பக்கத்தைப் புரட்டினாள்:
ஆன்.

மேசைமேல் கோப்பைக்கும்
சுவர்மேல் பல்லிக்கும் வருகிற அதே ஆன்.
தோட்டத்தின் மேல் நாங்கள்.
ஈரத் துணியால் ஒரு இழுப்பு,
துடைத்துவிடலாம்.

இருநூறு வருஷம் என்று
மே தின மேடையில் கத்தும்போது வராத கோபம்
இந்த இரண்டெழுத்துக்கு வந்து தொலைத்தது.

"மண்ணோடு, மண்ணுக்குள், மண்ணால்,
இதற்கெல்லாம் கட்டம் இல்லையாடி?"

"விதி அப்பிடித்தான். பாடமாக்கு."

இலக்கணத்தைத்தான் சொன்னாள், பாவம்.
சனிக்கிழமை அவளுக்கும் பரீட்சை,
மாவட்டத்துக்கே ஒன்பது வேலை.

அழித்தேன். தாள் கொஞ்சம் கிழிந்தது.
ஆன் என்று எழுதினேன், கிழிசலுக்குப் பக்கத்தில்.

பனிக்குள் டிரைவர் இன்னும் தேத்தண்ணி குடிக்கிறார்.

பதினெட்டு:
வெயிட்டிங் என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன வரும்?

அதற்கு நான்
விடைகளைப் பார்க்கவே இல்லை.