ஐந்து துண்டு ரோத்தான்

பாயான் லெப்பாஸில் என் வேலைக்கு
வாசனை ஆகாது.
பவுடர் கூடாது, பூ கூடாது,
தலைக்கு எண்ணெய் வைத்த நாளில்
உள்கதவு தாண்ட விடமாட்டார்கள்.
வெள்ளை அங்கிக்குள் பன்னிரண்டு மணி நேரம்
என் மூச்சையே நான் முகர்ந்துகொண்டு
தகடுகளை எண்ணுவேன்.

விடிந்து ரெலாவுக்கு வந்து
பதினோராம் மாடிக் கதவைத் திறந்தால்
எல்லாம் ஒரேயடியாக வரும்:
கவினேஷின் காற்பந்துக் காலணி,
பக்கத்து வீட்டுப் பெலாச்சான்,
நான்கு நாளாய்க் காயாத துணி,
குளியலறைக் குழாய் வழியே
யாருடையதோ நேற்று.

கர்னி பேரங்காடியில்
குச்சி நட்ட கண்ணாடிப் போத்தல் பார்த்தேன்.
நூற்று முப்பத்தொன்பது வெள்ளி.
குனிந்து ஒருமுறை ஆழமாக இழுத்துக்கொண்டு
நிமிர்ந்து வந்துவிட்டேன்.
அதற்கு யாரும் காசு கேட்கவில்லை.

"நீயே செய்யலாம் லா" என்றாள் நோராய்னி,
கேண்டீனில், வாய் நிறைய மீ கோரெங்கோடு.
பேபி ஆயில் ஏழு பங்கு,
வாசனை எண்ணெய் மூன்று.
கழுத்து குறுகிய போத்தல். குச்சி.
முடிந்தது கதை.

போத்தல் இருந்தது.
கவினேஷ் பரீட்சைக்கு மூக்கைப் பிடித்துக் குடித்த
கோழிச்சாறு போத்தல்.
மூன்று முறை கொதிக்க வைத்தும்
கோழி எட்டிப் பார்த்தது.
பாலிக் பூலாவ் சாலையோரம்
சுண்டுவிரல் குப்பியில் ஜாதிக்காய்த் தைலம், பன்னிரண்டு வெள்ளி.
பசார் மாலாமில் செராய் எண்ணெய், ஐந்து.
குச்சிக்குச் செலவே இல்லை:
சாத்தே தின்ற எட்டைக் கழுவி
ஜன்னல் கம்பியோரம் காயவைத்தேன்.

மூன்று நாள்.
எண்ணெய் குச்சியின் இடுப்பில் நின்றது.
நான்காம் நாளும் அங்கேயே.
போத்தலுக்குள் மூக்கை விட்டால் ஜாதிக்காய்,
எடுத்தால் காலணி.

"மூங்கில் குடிக்காது" என்றாள் நோராய்னி.
"ஏறுவதற்கு உள்ளே வழி வேண்டும்.
ரோத்தான் கிடைக்குமா பார்."

கிடைக்கும்.
குளிர்ப்பெட்டிக்குப் பின்னால்,
ஒட்டடையும் ஒரு ஐஸ்கிரீம் குச்சியும் துணைக்கு.
இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக் பிடி.
அவனுக்கு ஏழு வயதில்
மளிகைக் கடை வாசலில் கொத்தாகத் தொங்கியதில் ஒன்று,
ஒன்றரை வெள்ளி.
நான்கு தடவை எடுத்திருக்கிறேன்.
ஆறு, என்பான் அவன்.

அவனிடமே நீட்டினேன்.
கை சட்டென்று பின்னால் போனது,
பதினைந்து வயதுக் கை.
"வெட்டணும்டா" என்றேன்.

பள்ளிக்கூட ரம்பம், கணிதப் பெட்டி அளவுகோல்.
பதினைந்து சென்டிமீட்டர், பதினைந்து சென்டிமீட்டர் என்று
உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே அறுத்தான்.
பிடித்துக்கொள்ளவா என்றேன்.
பதில் இல்லை.
ஐந்து துண்டு வந்தது.
அறுத்த முனையில், ஊசியால் குத்தியதுபோல்
எண்ண முடியாத கண்கள்.
ஒரு முனையைச் சோப்புத் தண்ணீரில் வைத்து
மறுமுனையில் ஊதினான்.
நுரை பொங்கியது.
"உள்ள வெறும் ஓட்டைதானாம்மா இது?"

நான் போத்தலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
துடைத்த இடத்தையே.

மறுநாள் மாலைக்குள் எண்ணெய் உச்சிக்கு வந்துவிட்டது.
காலணி தோற்கவில்லை;
ஜாதிக்காயோடு பேச்சுவார்த்தையில் இருக்கிறது.
பெலாச்சான் எந்தச் சமரசத்துக்கும் வரவில்லை.
வாரம் ஒருமுறை குச்சிகளைத் தலைகீழாக்க வேண்டும்,
சொல்லாமலே செய்துவிடுகிறான்.
இளஞ்சிவப்புப் பிடி மட்டும்
மேசை மேல் கிடக்கிறது.
அதை யார் குப்பையில் போடுவது
என்று இன்னும் முடிவாகவில்லை.

நேற்று கிளம்பும்போது
நானும் ஒரு குச்சியைத் தொட்டிருந்தேன் போல.
அங்கி மாற்றும் அறையில்
சூப்பர்வைசர் ஊய் மின் மூக்கைச் சுருக்கினாள்:
"யார் வாசனை போட்டது?"
உள்ளங்கை மேலே தெரிய
கையை நீட்டினேன்.
கழுவிவிட்டு வரச் சொன்னாள்.
கழுவினேன், இரண்டு முறை.

முகமூடிக்குள்
என் மூச்சு, கொஞ்சம் ஜாதிக்காய்,
அதற்கும் அடியில்
ஈர ரோத்தான்.