கழித்தல் பதினான்கு

திரையில் ஆயிரத்து இருநூற்று இருபத்திரண்டு.
உள்ளே வைத்த மூன்று கூம்புகளில்
ஐந்தாம் நம்பரும் ஆறும் படுத்துவிட்டன,
ஏழு தலைகுனிந்து நிற்கிறது.
பச்சை மெருகு வழிந்து
பதினோரு குவளைகள் தட்டோடு ஒட்டிக்கொண்டன.

"ஒயரெல்லாம் சரியாத்தான் இருக்குக்கா"
டெஸ்டரைப் பல்லில் கடித்தபடி தீர்த்தகிரி.
வெளியே பாலக்கோட்டுத் தக்காளி லாரிகள்.
மெனுவுக்குள் மெனு, அதற்குள் இன்னொன்று,
அங்கே உட்கார்ந்திருந்தது
கழித்தல் பதினான்கு.

ஓசூரில் இந்தச் சூளையை விற்றவர்
பில்லில் என் பெயரைக்கூடச் சரியாக எழுதவில்லை.
எந்த இரவில்
எந்தக் கூம்பு வளையாமல் நின்றதைப் பார்த்து
இந்த எண்ணை அழுத்தினாரோ.
அவர் திருத்தம்
என் பிழையாக வந்து இறங்கியிருக்கிறது,
வண்டிவாடகை கேட்காமல்.

பூஜ்யம் வைத்தேன்.
வோல்டேஜ் நிலைத்த பின்னிரவில்
மறுபடி மூன்று கூம்பு, ஒரே ஒரு குவளை.
விடிந்து ஆறவிட்டுத் திறந்தால்
ஆறு பாதிதான் வளைந்திருந்தது,
யாரோ கூப்பிட்டதும் திரும்பியவர் மாதிரி.

கணக்குப் போட்டேன். நான்கு.
பதினான்கில் நான்கு அவர் சொன்னது சரி.
மீதிப் பத்து
அவர் கழற்றி வைத்துக்கொண்ட
பழைய தெர்மோகப்பிளோடு போயிருக்கும்.

கழித்தல் நான்கை அழுத்தி
கதவில் சாக்பீஸால் தேதி எழுதினேன்.
தீர்த்தகிரி இன்னும் உளியால்
தட்டைத் தட்டிக்கொண்டிருந்தான்.
ஏழாவது குவளை
முழுசாக வந்தது.