உரிமைக்குச் சான்று அல்ல

ஏழு அட்டைப் பெட்டிகளிலும்
குழந்தை குளிக்கும் தொட்டி ஒன்றிலுமாக
நனீட்டனுக்கு வந்து சேர்ந்தது
அறுபத்திரண்டாம் வருஷத்து டிரையம்ஃப்.
கதவுகள் போர்வைக்குள்.
என்ஜினை மட்டும் நான்கு பேர் சுமந்தோம்,
பேச்சில்லாமல்.

கூடவே ஒரு கோப்பு.
பழைய பதிவுப் புத்தகத்தில்
பெயர், முகவரி, முத்திரை. மறுபடி பெயர்.

முதலில் டெஸ்மண்ட் ஹால்வர்த், ஹிங்க்லி.
காலுறை ஆலைக்காரர் மகன்.
வெள்ளை உடம்பு, சிவப்பு இருக்கை.
நாலாயிரம் மைல் ஓடுவதற்குள் இரட்டைப் பிள்ளைகள்;
இரண்டு பேர் அமரும் வண்டி என்ன செய்யும்?

அடுத்தவர் விமானப்படை சார்ஜென்ட்.
பெயர் தண்ணீர் பட்டுக் கலைந்திருக்கிறது.
வெள்ளைக்கு மேல் கருநீலத்தைத் தூரிகையால் அப்பியது இவர்தானென்று
சூடம் அணைக்காத குறையாகச் சத்தியம் செய்கிறான் கேரத்.

எழுபத்தொன்றில் பெரில் தாக்ஸ்டன்.

எழுபத்தொன்பதில் டிரெவர் பிம்.
அடுத்த கோடையில் ஏற்றலாமென்று
என்ஜினை இறக்கி வைத்தார்.
முப்பத்தெட்டுக் கோடை போயிற்று.
பிறகு அவரையே இறக்கி வைத்தார்கள்.

இப்போது லெமிங்டன் பல் மருத்துவருக்கு
தொழிற்சாலை வாசலைத் தாண்டிய காலையில் இருந்தபடியே வேண்டும்,
திருகாணி உட்பட.
அந்த வாசல் பத்து மைல் தள்ளித்தான் இருந்தது,
இன்றைக்கு வாசலும் இல்லை.
அவர் கேட்பதைச் சுருக்கிச் சொன்னால்
இந்த நாலு பேரும் ஏறவே ஏறாத வண்டி.

என் பங்குக்குத் துரு.
தரையைச் சுரண்டினேன். தார்.
அதன் கீழே கம்பளம் ஒட்டிய பசை.
அதன் கீழே, ஓட்டுபவர் அல்ல,
பக்கத்தில் அமர்பவர் பாதம் படும் இடத்தில்
வட்டமாக ஒரு தகரம், எட்டு ரிவெட்.
பிடுங்கித் திருப்பினால்
பிஸ்கெட் டப்பா மூடி.
அதில் ஒரு நாய்க்குட்டி,
ஒரு கண்ணைத் துரு தின்றிருந்தது.

படம் அனுப்பினோம்.
"வெட்டி எறியுங்கள்" என்றார் காலையில்.
மதியத்துக்குள் ஏலக்காரர் யாரோ ஓதியிருக்க வேண்டும்:
"எறியாதீர்கள், கோப்பில் வையுங்கள்,
வண்டியின் வரலாறு அல்லவா."

கோப்பு நிறையட்டுமென்றுதான் பெரிலுக்கு எழுதினேன்.
ஸ்கார்பரோவிலிருந்து பதில், கோடு போட்ட தாளில்:

"வண்டி என்னுடையதல்ல.
கிளைவின் உரிமத்தை நீதிமன்றம் பிடுங்கியதால்
என் பெயரில் எழுதினார். ஓட்டியதும் அவர்தான்.
எனக்கு ஓட்டத் தெரியாது, இன்றுவரை.
மழை என்றால் தரை வழியாகத் தண்ணீர் அடிக்கும்.
கால்களுக்கு நடுவே சாலை ஓடுவது தெரியும்.
என் ஒற்றைக் கம்மல் அந்த ஓட்டையில்தான் போயிற்று,
விட்பி போகும் வழியில். நிறுத்தச் சொன்னேன்.
மூடியை அடித்தது நான்.
அவர் மதுக்கடைக்குப் போயிருந்த ஒரு மணி நேரத்தில்,
அவருடைய டிரில்லை வைத்தே.
டப்பா காலியாக வேண்டுமே என்று
பிஸ்கெட் முழுவதையும் முந்தின இரவே தின்றேன்.
ஒன்று மட்டும் மறந்துவிட்டது.
நாய் எந்தப் பக்கம் பார்த்திருந்தது?"

ஸ்வான்சியிலிருந்து புதிய பதிவுச் சான்று வந்தது.
பொறுப்பாளர் என்ற கட்டத்தில் மருத்துவர் பெயர்.
மேலே அவர்களே அச்சடித்திருக்கிறார்கள்:
இந்த ஆவணம் உரிமைக்குச் சான்று அல்ல.
கேரத்துக்கு வாசித்துக் காட்டினேன்.
"எல்லா வண்டிக்கும் அப்படித்தான்" என்றான்
தேநீரை ஊதிக்கொண்டே.

அன்றிரவு இதையெல்லாம் எழுதிவைக்க
உடையவர் என்று தொடங்கினேன்.
கைபேசி உடைந்தவர் என்று முடித்துக் கொடுத்தது.
திருத்தவில்லை.

புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தாயிற்று.
இனி ஒரு சொட்டு ஏறாது.
மூடி, பிளாஸ்டிக் உறையில், கோப்போடு போனது.
கடிதம் என் பெயருக்கு வந்தது;
அதை யாரும் கேட்கவுமில்லை.

பெரிலுக்கு இரண்டு வரி எழுதினேன்:
வெளிப்பக்கம்.
சாலையைத்தான் பார்த்திருந்தது, ஒற்றைக் கண்ணால்.